கசெற்றில் போன பிரசாரம்

வியோரிக்காவின் புருசன் தேர்தலில் நிற்கிறான் என்று கேட்டதும் யோசப்பின் செய்த முதல் வேலை, சிலுவை போட்டுக்கொண்டதுதான்.

"ஐயோ வியோரிக்கா, வேண்டாமெண்டு சொல்லு! சுட்டுப்போடுவாங்கள்."

மன்னாரில் யோசப்பினின் தமையன் ஞானசேகரம் சபைத் தேர்தலுக்கு நின்றவர். வாக்களிப்பு நாளைக் காணாமலே போய்ச் சேர்ந்தார். சுட்டது யார் என்று அந்த வீட்டில் இன்றைக்கும் சத்தமாகக் கதைப்பதில்லை.

வியோரிக்கா சிரித்தாள். இத்தாலியில், அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். இருவரும் வேறு வேறு சிஞ்ஞோராக்களின், இத்தாலிய எசமானிகளின், வீடுகளில் தரை துடைப்பவர்கள். பேசிக்கொள்வது பாதி இத்தாலியன், மீதி கை.

"எங்கடை ஊரிலை சுடமாட்டினம். பட்டினி போடுவினம்."

மோல்டோவா சோவியத்திலிருந்து பிரிந்து எட்டு வருசமாகியும் அவள் ஊரில் பிரியாத ஆள் ஒருவர் இருந்தார்: பழைய கூட்டுப்பண்ணைத் தலைவர். கொடி மாறியது, காசு மாறியது, கட்சியின் பெயர் மாறியது, மனுசன் மட்டும் கதிரையை விடவில்லை. இப்போது மேயரும் அவர்தான். பண்ணை நிலத்தை ஊராருக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் வந்தும் அசையவில்லை. உழவு மெசின் அவர் கையில், அதனால் ஊரும் அவர் கையில். அந்த மெசினை ஓட்டிக்கொண்டிருந்த கிறிகோரிதான் மே மாதத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றான். தோற்றால் வேலையும் இல்லை, உழவும் இல்லை, ஊரில் இருக்கவும் விடமாட்டார்கள்.

"சனம் கிறிகோரிக்கு வோட்டுப் போடாதோ?" என்றாள் யோசப்பின்.

"சனம் எங்கை? ஆம்பிளையளும் கிழடுகளும்தான் மிச்சம். பயந்ததுகள். பொம்பிளையள் முழுக்க இத்தாலியிலை."

யோசப்பினுக்குப் பொறி தட்டியது. பயம் ஒரு பக்கம் கிடக்க, வாய் முந்திக்கொண்டது.

"அப்ப பொம்பிளையளைக் கொண்டு சொல்ல வையன்! நீங்கள் அனுப்புற பெட்டியிலைதானே ஊர் சாப்பிடுது?"

"எப்பிடிச் சொல்லுறது? ஊருக்கு ஒரே போன், தபால் கந்தோரிலை. அங்கை இருக்கிறவள் தலைவற்றை மச்சாள். எங்கடை குரலைக் கேட்டால் லைன் இல்லையெண்டு வெட்டிப்போடுவாள்."

"போன் ஆருக்கு வேணும்? கசெற் இருக்கு."

சண்டை நாட்களில் யோசப்பினின் சனமெல்லாம் கசெற்றில் கதைத்துத்தான் ஊருக்கு அனுப்பியது. அவளுடைய கலியாணப் பேச்சே அப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை பேனாட் அதில் பேசியதைவிட இருமியதுதான் கூட, அப்படியும் சம்மதித்தாள்.

அந்தப் பேனாட் இப்போது ரெக்கோடரைத் தர மாட்டேன் என்று நின்றான். "உனக்கேனப்பா ஊர் வம்பு? அதுவும் வேறை ஆற்றையோ ஊர்!"

"இஞ்சை தாங்கோ அதை" என்று பறித்துக்கொண்டு போனாள்.

வியாழன் பின்னேரம், எல்லோருக்கும் வேலை ஓய்வு. வியோரிக்காவின் அறையில் அவள் ஊர்ப் பெண்கள் கட்டில் முறியும் அளவுக்கு ஏறி இருந்தார்கள். யோசப்பின் பொத்தானை அழுத்துவாள், ஒருத்தி கதைப்பாள், வியோரிக்கா அதை யோசப்பினுக்கு இத்தாலியனில் சொல்லுவாள். ஒருத்தி மாமிக்குச் சொன்னாள்: கிறிகோரிக்குப் போடாவிட்டால் அடுத்த பெட்டியில் கோப்பி வராது. இன்னொருத்தி புருசனுக்கு: தலைவர் ஊற்றுகிற வைனை வடிவாகக் குடி, வோட்டைக் கிறிகோரிக்குப் போடு. வாயே திறக்காத ஒருத்தி மைக்கைக் கண்டதும் தலைவரைத் திட்டத் தொடங்கி, கசெற்றின் ஒரு பக்கம் முடியும்வரை நிறுத்தவில்லை. சிரித்துச் சிரித்து யோசப்பினுக்கு விலா நொந்தது. பெண்கள் சேர்ந்து ஒரு அரசாங்கத்தையே உலுக்குவதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள்!

மறுநாள் சாமான் வான் மோல்டோவாவுக்குப் புறப்பட்டது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சவர்க்காரத்துக்கு நடுவில் ஒரு கசெற்.

வான் போனபிறகுதான் யோசப்பினுக்குப் பயம் பிடித்தது. சும்மா இருந்த ஊரை உசுப்பிவிட்டேனே, கிறிகோரிக்கு ஏதும் நடந்தால் வியோரிக்காவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று உருகினாள். பாத்திரம் கழுவும்போதெல்லாம் தமையனின் முகம் வந்து நின்றது.

தேர்தலுக்கு அடுத்த நாள், மீன் வாங்கி வருகிறேன் என்று சிஞ்ஞோராவிடம் புளுகிவிட்டுத் தர்மெனின் டெலிபோன் கடைக்கு ஓடினாள். எல்லாப் பெண்களும் ஏற்கனவே அங்கே. மொரீசியஸ்காரன் தர்மென் கடைக்கு வெளியில் நின்றான், உள்ளே அவனுக்கு இடமில்லை.

வியோரிக்கா இலக்கங்களை அழுத்தினாள். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"என்னடி? சொல்லன்!"

"தலைவற்றை மச்சாள்..." வியோரிக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "லைன் வெட்டேல்லை. 'பொறுங்கோ அம்மா, புது மேயர் இஞ்சைதான் நிக்கிறார், குடுக்கிறன்' எண்டு சொல்லுறாள். என்னை அம்மா எண்டுறாள்!"

கடை அதிர்ந்தது. ஒருத்தி தர்மெனைக் கட்டிப்பிடித்தாள். பக்கத்துப் பலாரோச் சந்தையில் தக்காளி விற்றவர்கள் எட்டிப் பார்த்து, எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள். கிறிகோரி வந்ததும் பெண்கள் போனைப் பறித்துப் பறித்துக் கட்டளை போட்டார்கள்: முதலில் நிலம், பிறகு பள்ளிக்கூடத்துக்குக் குளிர்காலத்தில் சூடு, வீட்டுக்கு வீடு போன்!

கடைசியில் வியோரிக்கா ரிசீவரை யோசப்பினின் காதில் வைத்தாள். "உன்னோடை கதைக்கவேணுமாம்."

அங்கே அக்கோடியன் இசையும் ஆரவாரமும் கேட்டன. கிறிகோரி தனக்குத் தெரிந்த ஒரே இத்தாலியனில், "கிராட்சியே, சிஞ்ஞோரா" என்று நன்றி சொன்னான்.

யோசப்பினுக்கு இத்தாலியன் மறந்துபோனது. தமிழ்தான் வந்தது.

"தம்பி, கவனம். தனிய வெளிக்கிடாதேங்கோ. ஆர் கூப்பிட்டாலும் இருட்டினாப் பிறகு கதவு திறக்காதேங்கோ. விளங்கிச்சோ?"

கிறிகோரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டவன்போல, "சி, சிஞ்ஞோரா. சி, சி" என்று ஓம் போட்டான்.

இதையே தமையனிடம் அவள் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அவர் ஒருநாளும் ஓம் என்றதில்லை.