வாலாம்பாள் வைத்த வாசற்கால்

புது வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது அர்த்தநாரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார். கொழிஞ்சாம்பாறையில் அவர் கட்டி விற்ற வீடுகள் கொஞ்சமில்லை. கழுத்தை அறுத்தது இது ஒன்றுதான். காரிலிருந்து இறங்கியவர் கல்பாத்தி சிவராமகிருஷ்ணன். பேங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டு, பூச்சு வேலை முடிகிற சமயத்தில், பையன் கிச்சா பெங்களூரில் ஃப்ளாட் பார்த்துவிட்டான், வீடு வேண்டாம் என்று போனில் சொன்னவர். அவர் மனைவி வாலாம்பாள் காருக்குள்ளேயே இருந்தாள்.

இவர்களுக்காக அர்த்தநாரி செய்யாதது இல்லை. சமையலறையைத் தென்கிழக்குக்கு மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். கிணற்றைப் பார்த்து ஜன்னல் கேட்டார்கள், கட்டிய சுவரை இடித்து வைத்துக் கொடுத்தார். அதெல்லாம் போகட்டும். விற்கக் கட்டுகிற வீட்டுக்கு ஆசாரியும் கட்டுகிறவரும் சேர்ந்தே வாசற்காலை நிறுத்திவிடுவதுதான் வழக்கம். வாலாம்பாள் ஆசைப்பட்டாள் என்று, அவள் கையால் மஞ்சள் குங்குமம் இட்டு, அடியில் நவதானியம் போட்டு, பால் தெளித்து நிறுத்த விட்டார். "ஏனுங்க, பத்திரம் பதியாம அவங்களை வெக்க உட்றாதீங்க" என்று பூவாத்தாள் படித்துப் படித்துச் சொன்னாள். பெண்டாட்டி பேச்சைக் காதில் போட்டுக்கொண்டால் கிரீடம் இறங்கிவிடும் என்று இருந்துவிட்டார். இப்போது வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை. வாசற்கால் யார் வைத்தது என்கிறார்கள். சுமங்கலி பால் தெளித்து வைத்துவிட்டு வேண்டாமென்று போனாளென்றால் வீட்டில் என்ன கோளாறோ என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தென்னந்தோப்பை அடகு வைத்து எழுப்பிய வீடு சீந்துவார் இல்லாமல் நிற்கிறது.

சிவராமகிருஷ்ணன் வெயில், மழை, ரோடு என்று சுற்றி வளைத்துக் கடைசியில் முன்பணத்துக்கு வந்தார். பாதியாவது திருப்பித் தருவதுதான் மரியாதை என்றார். மரியாதை என்ற சொல்தான் அர்த்தநாரியைக் கிளப்பிவிட்டது.

"பாதி எதுக்குங்க, முழுசாவே தந்தர்றனுங்க. கூடவே உங்க ஊட்டுக்காரம்மா வெச்ச வாசக்காலையும் ஏத்திட்டுப் போயிருங்க."

"அத வெச்சுண்டு ஃப்ளாட்ல நான் என்ன பண்றது?"

"வெறகாக்கிக் காப்பி வெச்சுக் குடிங்க."

கடப்பாரையை எடுத்து மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். புதுப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. பலா மரத்து வாசற்கால் அசையவில்லை. அவரே தேடி வாங்கிய மரம், பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கட்டிய கட்டு, லேசில் அசையுமா? அந்த எரிச்சலும் சேர இன்னும் பலமாக ஓங்கினார்.

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வாலாம்பாள் நேரே நடந்து வந்தாள். கடப்பாரைக்கு அருகில் வந்தும் அவள் நிற்காததால் அர்த்தநாரிதான் கையை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்னு அப்பாவும் பிள்ளையுமா தீர்மானிச்சுட்டா. என்னண்ட ஒரு வார்த்தை கேக்கலை" என்றாள். வாசற்காலில் கை வைத்தாள். "வாசக்கால் வெச்சவ நானாக்கும்."

 இத்தனை நாளும் அர்த்தநாரி இவளையும் சேர்த்துத்தான் திட்டித் தீர்த்திருந்தார்.

அவள் செருப்பைக் கழற்றினாள். படியில் உதிர்ந்து கிடந்த சிமெண்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். அடுப்பு வர வேண்டிய மூலையில், வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிவராமகிருஷ்ணன் வெளியே நின்று, வா, போகலாம் என்று கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். படி ஏறி உள்ளே வர மட்டும் அவருக்குக் கால் எழவில்லை. கடப்பாரையைக் கீழே வைக்கவும் தெரியாமல் அர்த்தநாரி வாசலில் நின்றார்.