பரீட்சைக்கு முன் இரண்டு நண்டு

நான் தொட்டி கழுவுகிறவள். கடல் பிராணிகளின் அறிவை அளக்கிற ஆய்வுக்கூடத்தில் பதினோரு தொட்டிகள் என் பொறுப்பு. ஏழாவது தொட்டியில் இருந்த ஆக்டோபஸுக்கு நான் வைத்த பெயர் மாமியார். கண்ணாடியைத் தேய்த்து முடித்ததும் ஒரு கையை நீட்டி, நான் தேய்த்த இடத்தையே திரும்பத் தடவிப் பார்ப்பாள். என் சொந்த மாமியார்கூட அவ்வளவு குறை பார்த்ததில்லை.

அங்கே எல்லா உயிருக்கும் அறிவில் ஐந்து நிலை. மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால் தப்பித்தது, கொல்லக் கூடாது என்று சட்டம். அதற்குக் கீழே போனால் பக்கத்து அறை. அங்கே நரம்பை இழை இழையாகச் சீவிப் படம் எடுத்து, அதே மாதிரி ஒரு செயற்கை நரம்பு மண்டலத்தை இயந்திரத்துக்குள் கட்டுவார்கள். அறிவு குறைந்ததைக் கொன்று அறிவுள்ளதைச் செய்வது. படித்தவர்கள் செய்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி.

பரீட்சை இதுதான்: நண்டு போட்ட ஜாடியைத் திருகி மூடித் தொட்டிக்குள் இறக்குவார்கள். பத்து நிமிடத்துக்குள் திறந்தால் மூன்றாம் நிலை. மாமியாருக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் கை தவறிப் போட்ட மாத்திரை டப்பாவையே விளையாட்டாகத் திறந்தவள்.

பரீட்சைக்கு முந்தின இரண்டு நாளும் எதுவும் போடக் கூடாது என்று தொட்டியில் அட்டை தொங்கியது. மீறி மீன் போட்ட ஒரு ஆளை அன்றே வீட்டுக்கு அனுப்பியதும் எனக்குத் தெரியும். ஆனாலும் பரீட்சையன்று காலை அவள் வெளுத்துப் போய்க் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. என் மகளை ஒரு நாளும் பரீட்சைக்கு வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை நான். சாப்பிட்டால்தானே மூளை வேலை செய்யும்? யாரும் வருவதற்குள் இரண்டு நண்டு போட்டேன்.

ஜாடி இறங்கியது. மாமியார் மூடியை ஒரு கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தொட்டிக்குள் தான் பதுங்குகிற குழாய்க்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். வயிறு நிறைந்தவளுக்கு ஜாடி எதற்கு? எழுந்திருடி, எழுந்திருடி என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டு பத்து நிமிடமும் நின்றேன்.

"ரெண்டாம் நிலை" என்று எழுதிவிட்டு, பரீட்சை வைத்த டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இதுக்கு ஏதாவது போட்டியா?"

"இல்லம்மா."

"போட்டிருந்தா சொல்லிடு. அடுத்த வாரம் திரும்ப வெச்சுக்கலாம்."

முதுகு அடிபட்டு வீட்டில் படுத்திருக்கும் என் கணவர் கண் முன்னால் வந்தார். என் ஒருத்தி வேலையில்தான் அடுப்பு எரிகிறது.

"எதுவும் போடலம்மா."

அன்று ராத்திரி கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். "போய் உண்மையச் சொல்லிடு. வேலை போனா போகட்டும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். ஏழாவது தொட்டி காலி.

"நேத்து சாயங்காலமே எடுத்துட்டாங்க" என்றார் டாக்டரம்மா. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இத வெளிய சொல்லாத. கையெழுத்துப் போட்டது நான்" என்றார். என் வேலை தப்பியது.

ஒன்பது மாதம் கழித்துப் பக்கத்து அறையைத் துடைக்கக் கூப்பிட்டார்கள். மேசை மேல் எட்டு ரப்பர் கைகளோடு ஒரு இயந்திரம். மாமியாரின் நரம்பைப் பார்த்துக் கட்டியது. அதன் முன்னால் மூடிய ஜாடியை வைத்தார்கள். அரை நிமிடத்தில் திறந்து உள்ளே துழாவியது. உள்ளே ஒன்றும் இல்லை. இன்னொரு ஜாடி வைத்தார்கள். அதையும் திறந்து துழாவியது.

"நாலாம் நிலை" என்றார் டாக்டரம்மா. "இனிமே இத யாரும் அணைக்கக் கூடாது. சட்டம்."

"எதுக்கும்மா திறந்துகிட்டே இருக்கு?"

"பசிக்குத்தான். பசி இல்லாட்டி இது வேலை செய்யாதுன்னு நமக்குத்தான் தெரியுமே. ரெண்டு நாள் பட்டினி கிடந்த பசிய அப்படியே உள்ள வெச்சுட்டோம்."

"அப்போ சாப்பாடு?"

"வயிறே இல்லையே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஒன்பது மாதமும், போகட்டும், செத்தாவது போனாளே என்றுதான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.