நழுவிய குவளை

அந்தக் கடிதம் வந்தபோது, உதவிப் பேராசிரியையான அவளுடைய ஆய்வுக் கட்டுரைக்கு மூன்று வயது. கண்ணாடிக் குவளையை உடைக்காமல் எடுக்கும் ரோபோ கையைப் பற்றியது. தொட்டுணரும் விரல்கள் மேல் ஆய்வுலகத்துக்கே மோகம் பிறந்திருந்த நேரத்தில் சூட்டோடு சூடாக வெளியானது. இருநூறு பேர் மேற்கோள் காட்டிவிட்டார்கள்.

கடிதம் எழுதியவள் வேறொரு பல்கலைக்கழகத்து மாணவி. "நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒரு வருடமாகக் குவளை நழுவிக்கொண்டே இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?"

ஏதோ சமாதானம் எழுதி அனுப்பியிருக்கலாம். பேராசிரியைக்கு மனசு கேட்கவில்லை. ஆய்வகத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பழைய கையைப் புது மேசையில் மாட்டச் சொன்னாள். பத்தில் ஏழு தடவை குவளை விழுந்தது.

"என்னண்ணே இது? அப்போ நல்லா எடுத்துச்சே?"

அவர் தலையைச் சொறிந்தார். "அப்போ வெச்சிருந்த மேசைக்கு ஒரு கால் குட்டைம்மா. சாஞ்சேதான் நிக்கும்."

பழைய மேசையை இழுத்து வந்தார்கள். குவளை தானாகச் சரிந்து விரல்களுக்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. விரலின் சாமர்த்தியம் என்று அவள் எழுதியதெல்லாம் மேசைக் காலின் கோணல்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அடுத்த மாதம் அவளுடைய பதவி உயர்வுக்கான நேர்காணல்.

"அது முடியட்டுமே. யாரு கேக்கப் போறாங்க?"

"அந்தப் பொண்ணு கேட்டுட்டாளே."

"சரி, எழுது" என்றார் அவர்.

குட்டைக் காலைக்கூட மறைக்காமல் இதழாசிரியருக்கு எழுதினாள். கட்டுரையின் தலையில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று சிவப்பாக விழுந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. கூட வேலை செய்பவர்கள் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாணவியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னபோது மறுமுனையில் அழுகை.

"மன்னிச்சிடும்மா. உனக்கு ஒரு வருஷம் வீணாப் போச்சு."

"அதுக்கில்ல மேடம். இந்த வேலை எனக்குத்தான் வரலைன்னு, படிப்பையே விட்டுடலாம்னு இருந்தேன்."

"விழுந்ததையெல்லாம் குறிச்சு வெச்சிருக்கியா?"

"நானூத்திப் பன்னண்டு தடவை. ஒண்ணு விடல."

"அப்படியே அனுப்பு. ஏன் விழுதுன்னு சேர்ந்து எழுதலாம். உன் பேருதான் முதல்ல."

அதற்குள் ஆய்வுலகத்தின் மோகம் நடக்கும் ரோபோக்கள் பக்கம் போயிருந்தது. இரண்டு இதழ்கள் கைவிரித்தன. மூன்றாவது ஏற்றுக்கொண்டது. சேதி கேட்டு மாணவி தொலைபேசியில் போட்ட கூச்சலில், மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரோடு "என்னம்மா ஆச்சு?" என்று ஓடி வந்தார்.