இரண்டாவது பெட்டி

கணினிகளுக்கு நடுவே தபால் பிரிப்பதுதான் என் வேலை. எடைமேடையில் இருக்கும் மென்பொருள் "இந்த லாரி வந்துவிட்டது" என்று ஒரு செய்தி அனுப்பும். நான் பராமரிக்கும் மென்பொருள் அதைப் படித்து, துறைமுகத்தின் எந்த கேட்டுக்குப் போக வேண்டுமோ அங்கே தள்ளிவிடும். ஒழுங்காகப் போகிற வரை இப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது. போகாவிட்டால் ராயபுரம் அலுவலகத்தில் என் மேஜை போன் அடிக்கும். எதிர்முனையில் எல்லோரும் கத்துவார்கள்.

அந்த வியாழக்கிழமை மூன்று இருபதுக்கு அடித்தது. திருவொற்றியூர் எடைமேடையில் வேலை பார்க்கும் ஜஸீமா. அவள் கத்த மாட்டாள். அதனாலேயே அவள் போனை நான் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

"ரமா, ஜெயவேல்னு ஒரு டிரைவரு. எட போட்டு முக்கா மணி நேரம் ஆவுது. கேட்ல போய் நின்னா, உன் வண்டி வந்ததா தகவலே இல்லன்றாங்களாம். நாலு மணியோட அவரு ஸ்லாட் முடியுது."

"நாளைக்கு வேற ஸ்லாட் போட்டுக்க சொல்லேன்."

"ஏற்கெனவே ரெண்டு மார்க் கீது ரமா."

ஒதுக்கிய நேரத்துக்குள் கேட்டைத் தாண்டாத லாரிக்கு ஒரு மார்க். மூன்று விழுந்தால் ஆறு மாதத்துக்கு அந்த லாரி துறைமுகத்துக்குள் நுழைய முடியாது. இதை யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவெடுப்பதில்லை, நாலு மணி ஆனால் மென்பொருளே போட்டுவிடும். ஜெயவேலுக்கு இருந்தது ஒரே லாரி, அதுவும் சொந்த லாரி.

தேட ஆரம்பித்தேன். செய்தி எடைமேடையிலிருந்து இரண்டு முப்பத்தைந்துக்குக் கிளம்பியிருந்தது. என்னிடம் வந்து சேர்ந்தும் இருந்தது. கேட்டுக்கு மட்டும் போகவில்லை. கேட்டின் மென்பொருள் படுத்துவிட்டதோ என்று பார்த்தால், அது மற்ற லாரிகளின் செய்திகளை ஜோராக வாங்கிக்கொண்டிருந்தது. முகவரி சரி. பாஸ்வேர்டு சரி. மணி மூன்று நாற்பது. ஜஸீமாவிடம் எண்ணை வாங்கி அந்த மனிதரையே கூப்பிட்டேன்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு தடவதான எட போட்டீங்க?"

ஹாரன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்.

"ரெண்டு தபா மேடம். காலைல பத்தரைக்குப் போட்டது நம்ம கூட்டாளி பிலாலோட கண்டெய்னர் பெட்டி. எர்ணாவூராண்ட அவன் வண்டி பிரேக் ஜாம் ஆயி குந்திகிச்சு. அவன் டிரெய்லர என் வண்டில மாட்டி உள்ள உட்டுட்டு வந்து, அப்பால என்னுத இழுத்தேன்."

எண்ணூர் சாலையில் இது வழக்கமாம். வண்டி உட்கார்ந்துவிட்டவனின் பெட்டியை வரிசையில் நிற்கும் இன்னொருவன் இழுத்துக் கொடுப்பான். கேட் பெட்டி எண்ணைத்தான் பார்க்கும், இழுத்து வந்தவன் யாரென்று கேட்காது. ஜஸீமாவுக்கு இது தெரியும். ரோட்டில் டீ விற்கிறவனுக்குத் தெரியும். புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

தெரிந்திருந்தால் அந்த விதியை எழுதியிருக்க மாட்டேன். எடைமேடை மென்பொருளுக்கு ஒரு வியாதி உண்டு: பதில் வரத் தாமதமானால் அதே செய்தியை மறுபடி அனுப்பும். போன மாதம் அதற்கு நான் வைத்தியம் பார்த்தேன். ஒரே லாரி எண்ணிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் இரண்டாவது செய்தி வந்தால் அது நகல், ஓரமாக ஒதுக்கி வை என்பதுதான் அந்த விதி. பெட்டி எண்ணையும் ஒப்பிடச் சொல்லியிருக்கலாம். அது ஆட்கள் தட்டச்சு செய்வது, தப்பு வரும். நம்பர் பிளேட்டை கேமரா படிக்கிறது, தப்பே வராது என்று நினைத்தேன். கேமரா தப்பு எதுவும் செய்யவில்லை.

ஒதுக்கி வைத்த குவியலைத் திறந்தேன். ஜெயவேலின் செய்தி மேலாகவே கிடந்தது. மூன்று ஐம்பத்தொன்றுக்கு அதைக் கையால் கேட்டுக்குத் தள்ளினேன்.

"கேட்ட தொறந்துட்டான் மேடம்" என்றார் லைனிலேயே இருந்த ஜெயவேல், இரண்டு நிமிடத்தில்.

அதே குவியலில் அவருடைய லாரி எண் இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது. தேதிகள் அந்த இரண்டு மார்க்குகளின் தேதிகள்.

"முன்னாடி மார்க் வாங்கின ரெண்டு நாளும் வேற யார் பெட்டியாவது இழுத்தீங்களாண்ணே?"

"ஆமா. இழுத்துக் குடுத்தா நம்ம வண்டிக்கு மார்க் வுழுதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியுமே மேடம். இப்போலாம் எவனும் இழுக்கறதில்ல. போன வாரம் ஒருத்தன் பாலத்தாண்ட பகல் பூரா குந்தினு கெடந்தான்."

"தெரிஞ்சே இன்னிக்கு இழுத்தீங்களா?"

"பிலாலு மேடம். வுட்டுட்டா வர முடியும்?"

போனை வைத்துவிட்டுக் கணக்கெடுத்தேன். பெட்டி எண்ணும் ஒன்றாக இருந்த நிஜமான நகல்கள் வாரத்துக்கு எட்டோ ஒன்பதோ. அவை குறையவே இல்லை. பெட்டி எண் வேறாக இருந்தவை முதல் வாரம் நாற்பத்தொன்று, இரண்டாம் வாரம் பத்தொன்பது, மூன்றாம் வாரம் ஆறு, இந்த வாரம் ஒன்று. மொத்தத்தையும் கூட்டி, கோடு சரிந்து இறங்குகிற ஒரு படமாகத் திங்கட்கிழமைதான் என் மேலாளர் தாமோதரனுக்கு அனுப்பியிருந்தேன். நகல்கள் ஒழிகின்றன என்று அவர் அதைக் கம்பெனி முழுக்கச் சுற்றில் விட்டார். இருபது பேர் எனக்குக் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். குறைந்தது நகல்கள் இல்லை, அடுத்தவன் பெட்டியை இழுத்துக் கொடுப்பவர்கள்.

"விதிய மாத்திடும்மா, போதும். பழசக் கிளறாத" என்றார் தாமோதரன். விதியை மாற்றினேன். பிறகு, அந்த மார்க்குகள் எல்லாம் செல்லாது, காரணம் நான் எழுதிய விதி என்று என் பெயரைப் போட்டுத் துறைமுகத்துக்கு எழுதினேன். மறுநாள் அவற்றை நீக்கினார்கள். தாமோதரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

ஜெயவேலைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இனிமே யார் பெட்டிய இழுத்தாலும் மார்க் வராதுண்ணே. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

"சொல்றேன் மேடம். நம்பணுமே."

இப்போதும் தினமும் எண்ணிப் பார்க்கிறேன். ஒரே லாரி, ஒரே நாளில், இரண்டாவது பெட்டி. திங்கட்கிழமை ஒன்று. புதன்கிழமை ஒன்று. இரண்டும் ஜெயவேல்.