முகப்புச் சுவருக்கு எந்த நிறம்

தையல்காரி குடியிருப்போர் குழுவில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. சேர்ந்ததே தங்கைக்காகத்தான். இருவரும் இருக்கும் அரசுக் குடியிருப்பில் தங்கை வீடு தரைத்தளத்தில். மேலே யார் தண்ணீர் ஊற்றினாலும் அவள் குளியலறையில் சாக்கடை பொங்கிக் கூடம்வரை வரும். அந்தத் தரையில் தவழ்கிற பிள்ளைக்கு உடம்பெல்லாம் சொறி. கழிவுக் குழாயை மாற்றினால் ஒழிய இதற்கு விடிவு இல்லை.

கூட்டமென்றால் மாதாமாதம் ஒரே கூத்துதான். வாசலில் கையெழுத்து, உள்ளே டீ, அப்புறம் குடியிருப்பை நிர்வகிக்கும் அதிகாரியின் இளிப்பு. இவள் குழாய் என்று வாயெடுத்தால், "குறிச்சுக்கிட்டேம்மா" என்பார். எதில் குறித்தாரோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

இந்த மாதம் மேசைமேல் மூன்று வண்ண அட்டைகளைப் பரப்பினார்.

"முகப்புச் சுவருக்கு எது வேணும்? உங்க இஷ்டம்தான், மனசு விட்டுச் சொல்லுங்க."

"சுவர் கிடக்கட்டும் சார். குழாய் என்னாச்சு?" என்றாள் தையல்காரி.

"அதைப் போன கூட்டத்துலயே அடுத்த வருஷத்துக்குத் தள்ளியாச்சே. நீங்களும் சம்மதிச்சீங்களேம்மா!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிகாரி ஒரு தாளை நீட்டினார். முன்பக்கம், குழாய் வேலையை ஒத்திவைத்து முகப்புக்கு வண்ணம் பூச ஒருமனதாகத் தீர்மானம். பின்பக்கம், போன மாதம் வாசலில் வாங்கிய கையெழுத்துகள். மூன்றாவது அவளுடையது, சுழியெல்லாம் போட்டு அழகாக.

"இது வந்ததுக்குப் போட்டது சார்!"

"வந்தீங்க. எதிர்த்து ஒண்ணும் சொல்லலையே?"

"படிச்சுக் காட்டினாத்தானே எதிர்க்க!"

மற்ற உறுப்பினர்கள் டீயில் ஏதோ தேடுவதுபோலக் குனிந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான எலெக்ட்ரீஷியன் மட்டும் வாய் திறந்தார். "இளநீலம் எடுப்பா இருக்கும் சார்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரியை நினைத்து, இளநீலத்தை நினைத்து, எல்லாரையும்விட, நாலு மாதமாகத் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் பேனா பிடித்த தன்னை நினைத்து. த்தூ, இதற்கு ஒரு குழு, அதில் இவள் ஓர் உறுப்பினர்!

தாளின் நகலை வாங்கிக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை இடுப்பில் பிள்ளையோடு, ஒற்றைக் கையால் சாக்கடையைக் குளியலறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைச் சாத்திவிட்டு, தாளை வாங்கி இரண்டு பக்கமும் படித்தாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி."

தங்கை கத்தவில்லை. பிள்ளையைத் தூக்கி அக்கா கையில் கொடுத்தாள்.

"அடுத்த கூட்டத்துக்கு நான் போறேன். அன்னைக்கு நான் திரும்பி வர்ற வரைக்கும் நீ இங்கயே இருந்து பிள்ளையைப் பாத்துக்கோ. எவ்வளவு கை வலிச்சாலும் கீழ மட்டும் விட்டுடாதேக்கா."