வாத்தின் வலது முட்டி

அந்த வாத்து பதினோராவது முறையாகத் திரும்பி வந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடரில் வரும் வாத்து. யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், கோபித்துக்கொண்டு குளக்கரையோரமாக நடந்துபோய்த் தன் கூண்டுக்குள் புகுந்துகொள்ளும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே திரும்பி வரும். அந்த நடையை வரைவதுதான் அவள் வேலை. இயக்குநருக்கு ஸ்டூடியோவில் 'இன்னும் கொஞ்சம்' என்று பெயர். எதைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார். அன்று மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார்.

"நடக்குதும்மா. ஆனா உள்ள யாருமே இல்ல."

இன்னொரு தடவை திரும்பினால் வாத்து வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

வீட்டுக்கு வந்தால் அங்கே ஆள் இருந்தது. துணி காயப்போட்டதைப் பற்றி அவள் கணவன் ஏதோ முணுமுணுத்திருக்கிறான். மாமியார் கரண்டியை வைத்துவிட்டுத் தன் அறையைப் பார்த்து நடையைக் கட்டினார். தோள் முதலில் போனது, அதன் பின்னால் தலை. முட்டி வலிக்கிற வலது கால் வேண்டாவெறுப்பாகக் கடைசியில் வந்தது. மூன்று வருடமாகப் பார்த்த நடைதான். ஒரு நொடியை இருபத்து நான்கு படங்களாகப் பார்த்தே பழகிய கண் அன்றைக்குத்தான் அதை எண்ணியது. நல்ல காலுக்குப் பத்துப் படம், வலிக்கிற காலுக்குப் பதினான்கு.

பன்னிரண்டாவது வாத்தைப் பார்த்த 'இன்னும் கொஞ்சம்', பேசாமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அப்படியென்றால் சரி என்று அர்த்தம்.

வேலை தப்பியது, நிம்மதி போனது. மாமியார் சாதாரணமாகக் கோபித்தாலே நாலு நாள் பேசமாட்டார். தன் நடையைத்தான் வாத்துக்குப் போட்டிருக்கிறாள் என்று தெரிந்தால் நாலு வருடம் தாங்கும். அவரை அவளுக்கு உண்மையிலேயே பிடிக்கும் என்பதுதான் சங்கடமே. அதனால் அந்தத் தொடர் டிவியில் வரத் தொடங்கியதும் தினமும் காலையில் கிளம்பும்போது டிவி ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். இப்படியே இரண்டு வாரம் ஓட்டினாள்.

ஒரு விடுமுறை நாளில் குளித்துவிட்டு வந்தால் டிவியில் வாத்து நடந்துகொண்டிருந்தது. எதிரே நாற்காலியில் மாமியார். மடியில் பிரித்துப்போட்ட புதுப் பேட்டரி உறை. தலையில் சுற்றிய துண்டோடு அவள் அப்படியே நின்றாள்.

"உக்காரு. போகும்போது எந்தக் கால் நொண்டுது?"

"வலது கால், அத்தை."

"வரும்போது?"

பார்த்தாள். வரும்போது இடது கால் நொண்டியது. நேரத்தை மிச்சம் பிடிக்க, போகிற நடையையே கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டிருந்தாள். கூடவே வலியும் கால் மாறிவிட்டது. ஸ்டூடியோவில் இத்தனை பேர் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"ஏழு வருஷமா எனக்கு வலது முட்டியிலதான் வலி. அது எப்ப எடம் மாறுச்சு?"

"அத்தை, நான் வந்து..."

"கோவப்படறதெல்லாம் அப்புறம். மொதல்ல கால சரி பண்ணு. ஊரே பாக்குது."

"நீங்க போறததான் பாத்திருக்கேன் அத்தை. திரும்பி வர்றத பாத்ததே இல்ல."

"எப்படிப் பாப்ப? அதுக்குள்ள அவங்கவங்க ரூமுக்குப் போயிடுவீங்க. நான் பாட்டுக்கு வந்து பாத்திரத்தக் கழுவிட்டு இருப்பேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் சுருக்கென்றது.

பத்து நிமிடத்தில் அவள் கைபேசியோடு தயாரானாள். மாமியார் இரண்டு தரம் நடந்து காட்டினார். அணிவகுப்பு மாதிரி இருந்தது. "சும்மா நடன்னா எப்படி வரும்? கோவம் வரணும்ல" என்று அலுத்துக்கொண்டார். அவள் யோசித்தாள். அப்புறம் சொன்னாள்.

"இன்னைக்கு சமையல்ல உப்பு ரொம்பத் தூக்கல், அத்தை."

மாமியாரின் முகம் மாறியது. "அப்ப நாளையிலேர்ந்து நீயே பண்ணிக்கோ" என்று திரும்பினார். முதலில் தோள், அப்புறம் தலை, கடைசியில் வலது கால். நடிப்பு எங்கே முடிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அறை வாசலில் கால் ஒருகணம் நின்றது. பன்னிரண்டு படம். இருபத்து நான்கு. நாற்பத்தெட்டு. இத்தனை நாளும் இந்த வாசலில் இப்படித்தான் நின்றிருப்பாரோ என்று நினைத்ததும் படம் பிடித்துக்கொண்டிருந்த அவள் கை தானாகத் தாழ்ந்தது.

"அத்தை," என்றாள். "சாப்பிட வாங்க."

"அதான் உப்புன்னியே," என்றது முதுகு.

"பொய் சொன்னேன். வாங்க."

தொங்கிய கையிலிருந்த கைபேசி தரையை மட்டும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. வெறும் தரை, கொஞ்ச நேரம் வெறும் தரைதான். அப்புறம் அதன் ஓரத்தில், பதினான்கு படம் எடுத்துக்கொண்டு, வலது கால் உள்ளே வந்தது.