வழியனுப்பிய பிறகும் ஊரில் இருந்தவர்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட அது மேல்.

என் எழுதும் மேசை பால்கனி ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது. ஒரு காலையில் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், பால்கனியில் துவைத்த துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நான் இருப்பது அவருக்குத் தெரியாது. ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டார். கிளிப் மாட்டினார். பிறகு ஈரச் சட்டைக்கு மட்டும் கேட்கிற குரலில் கடவுளிடம் சொன்னார்:

“என்ன பண்ணணும்னு சொல்லு. சொல்ல மாட்டேன்னா சொல்லாம இரு. ஆனா போயிடாதே.”

அவ்வளவுதான். அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார். நான் பேனாவை மூடி வைத்தேன். அன்று எழுத வேண்டியிருந்த வேறொரு கதை அத்தோடு நின்றுபோயிற்று.

2

முதல் தொடக்கம்: ‘இரண்டு பெட்டிகளும் வாசலில் தயாராக நின்றன, ஆனால் விதி...’

அடித்துவிட்டேன். பெட்டிகள் வாசலில் நிற்கவில்லை. என் சோபாவுக்குப் பின்னால் நின்றன. விதியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாவது தொடக்கம் ஒரு தத்துவத்தோடு ஆரம்பித்தது. அதை நீங்கள் படிக்காமல் இருப்பதே நல்லது.

ஆகவே நடந்ததை நடந்தபடி. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருட வேலை. அக்கா தையல்காரி. பிள்ளைகள் இல்லை. மலைமேல் ஒரு மருத்துவமனை, முழுக்கத் தன்னார்வலர்களால் நடப்பது. அங்கே லிஃப்ட்டையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்ள ஆள் தேவை, படுக்கை விரிப்பும் நோயாளிகளின் அங்கியும் தைக்க ஆள் தேவை என்று பிரார்த்தனைக் கூடத்தில் அறிவித்தபோது, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். கேள்வியும் பதிலும் அதிலேயே முடிந்துவிட்டது. விண்ணப்பம், நேர்காணல், உடல் பரிசோதனை என்று ஒன்றரை வருடம் காத்திருந்தார்கள். கடைசியில் ‘வாருங்கள்’ என்று பதில் வந்தது.

அத்தான் வேலையை விட்டார். வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். கட்டில், பீரோ, பாத்திரங்கள் ஆளுக்கொன்றாகப் போயின. அக்கா தன் தையல் மிஷினை மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். கூடத்தில் வழியனுப்பு விழா நடந்தது. தலைவர் இருபது நிமிடம் பேசினார். இருவருக்கும் மழைக்கோட்டு பரிசளித்தார்கள். கிளம்புவதற்கு முன் மூன்றே நாள் தங்கலாம் என்று என் வீட்டுக்கு வந்தார்கள்.

இரண்டாம் நாள் கடிதம் வந்தது. மருத்துவமனைக் கட்டடம் பலவீனமாக இருப்பதாக ஆய்வில் தெரிந்ததால் அதை மூடுகிறார்கள். மறு அறிவிப்பு வரும்வரை யாரும் கிளம்ப வேண்டாம்.

யார்மேலும் தப்பில்லை. கோபித்துக்கொள்ள ஒரு முகம்கூட இல்லாத கடிதம் அது.

3

வழியனுப்பப்பட்டவர் ஊரிலேயே இருப்பது எவ்வளவு சங்கடம் என்பது அனுபவித்தால்தான் புரியும். அத்தான் தலைமறைவானார். பால் வாங்கப் பின்தெரு வழியாகப் போனார். ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாகத் தொப்பி போட்டார். அப்படியும் மருந்துக் கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார்.

“சார்! நீங்க போயிட்டீங்கன்னு சொன்னாங்களே!”

(இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அத்தானும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.)

பழைய வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அத்தான் என் வீட்டில் ஒழுகும் குழாய்கள், கிறீச்சிடும் கதவுகள் எல்லாவற்றையும் சரிசெய்து முடித்தார். பிறகு நன்றாக இருந்த ஒரு மின்விசிறியைக் கழற்றினார்.

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. ஒரு மனிதர் இவ்வளவு அமைதியாக இருப்பாரா? வாசகர் நம்புவாரா? அவரிடமே கேட்டேன்.

“அத்தான், உங்களுக்குக் கோபமே வரலையா?”

விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வராம இருக்குமா மாப்ள? ராத்திரி பகல்னு பார்க்காம கேட்டேன். பதில் வரலை. கேட்கறதை மட்டும் நிறுத்தலை.”

உடனே எனக்குள் இருந்த எழுத்தாளன் விழித்துக்கொண்டான். ‘நடுமாடியில் நின்றுபோன லிஃப்ட்டைப் போல அவர்களுடைய வாழ்க்கை...’ என்று தொடங்கி அவரிடம் படித்துக் காட்டினேன்.

“அடிச்சிடு.”

“ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“லிஃப்ட் நின்னா காரணம் இருக்கும். அரை மணி நேரத்துல நான் கண்டுபிடிச்சிடுவேன். இதுக்கு என்ன காரணம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதாதே.”

[ஓரக்குறிப்பு: அடித்துவிட்டேன். ஆனால் அந்த அரை வாக்கியத்தை மேலே விட்டுவைத்திருக்கிறேன். எனக்கும் கொஞ்சம் ஆசை இருக்காதா?]

4

இந்த வரைவை முதலில் படித்தது அக்கா. அப்போது இந்தப் பகுதி வேறு மாதிரி இருந்தது. மாடி வீட்டுப் பெண் விஷயம் கேள்விப்பட்டு வந்து, “அக்கா, மிஷினைத் திருப்பி எடுத்துக்கங்க” என்றதாகவும், ‘அக்கா புன்னகையோடு மறுத்தாள்’ என்றும் எழுதியிருந்தேன்.

அக்கா காகிதத்தை மேசையில் போட்டாள்.

“யாருடா புன்னகை பண்ணது?”

“நீதானே வேணாம்னு...”

“வேணாம்னேன். குடுத்ததை வாங்குறது எனக்குப் பிடிக்காது. அவ போனப்புறம் சமையல் ரூம்ல உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். நீ வீட்லதானே இருந்தே? காதுல விழலையா?”

விழவில்லை. பால்கனியில் முணுமுணுத்தது கேட்ட காதுக்குச் சமையலறை அழுகை கேட்கவில்லை. எழுதுகிறவனின் காது அப்படி. தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கும்.

“எழுது,” என்றாள். “ஒன்றரை வருஷம் உருகி உருகிக் கேட்டோம். எங்களுக்காகவா கேட்டோம்? அடுத்தவங்களுக்கு உழைக்கணும்னுதானே கேட்டோம்? அதுக்குமா கதவைச் சாத்தணும்? உங்க அத்தான் நம்புறாரு. நான் அவரை நம்புறேன். இப்போதைக்கு என்னால முடிஞ்சது அவ்வளவுதான். அதையும் எழுது.”

எழுதிவிட்டேன்.

5

கடிதம் வந்த இருபத்து மூன்றாம் நாள் அத்தான் தொப்பியைக் கழற்றி என் அலமாரியில் வைத்தார். “கூடத்துக்குப் போறேன். வர்றியா?” என்று அக்காவிடம் கேட்டார். அக்கா செருப்பை மாட்டினாள். நானும் பின்னாலேயே போனேன். கதைக்காகத்தான் போனேன், பக்தியால் இல்லை.

கூடம் நிறைந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. பிரார்த்தனை முடிந்ததும் அத்தான் எழுந்தார். மேடை ஏறிப் பேசிப் பழக்கமில்லாதவர். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நாங்க போகலை,” என்றார். “மருத்துவமனையை மூடிட்டாங்க. இவ்வளவு நாள் உங்களைப் பார்க்க வெட்கப்பட்டு ஒளிஞ்சிட்டிருந்தேன். எதுக்காக இப்படி ஆச்சுன்னு தெரியலை. கடவுள் எங்களைக் கைவிட்டுட்டார்னு நான் நினைக்கலை. ஆனா வலிக்குது. தெரியற வரைக்கும் இங்க நாற்காலி எடுத்துப் போடறேன். நீங்க வழியனுப்பினதைத் தயவுசெஞ்சு திருப்பி வாங்கிக்கங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். தலைவர் இறங்கி வந்து அத்தானைக் கட்டிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. இருபது நிமிடம் பேசக்கூடியவர் அவர்.

6

இனி முடிவு. மூன்று தயாராக இருந்தன.

ஒன்று: மருத்துவமனை மீண்டும் திறக்கிறது, கடிதம் வருகிறது. (வரவில்லை.)

இரண்டு: பக்கத்து அடுக்ககத்தில் லிஃப்ட் நின்றுவிடுகிறது; உள்ளே ஒரு கர்ப்பிணி; அத்தான் ஓடிப்போய்க் காப்பாற்றுகிறார்; ‘இதற்காகத்தான் அவர் நிறுத்தப்பட்டார்’ என்று எல்லோருக்கும் புரிகிறது. இதை நான் நன்றாகவே எழுதியிருந்தேன். படித்துவிட்டு அக்கா கேட்டாள்:

“அப்ப எங்களை இங்க நிறுத்துறதுக்காகவா அந்தக் கட்டடத்தை மூடினாங்க? அதுல இருந்த நோயாளிங்க எங்கடா போனாங்க?”

அத்தான் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றரை வருடமாக அந்த மருத்துவமனையைப் பற்றியே பேசியும், அந்தக் கேள்வி அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அத்தான் மருத்துவமனை அலுவலகத்துக்குப் போன் செய்தார். நாற்பது நோயாளிகளைக் கீழே ஒரு சிறு நகரத்துக்கு மாற்றியிருக்கிறார்களாம். இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். பழைய கிடங்கு ஒன்றில் கட்டில் போட்டிருக்கிறார்கள். லிஃப்ட் கிடையாது. போனில் பேசிய பெண் கறாராகச் சொன்னாள்: “இப்ப தன்னார்வலர் யாரும் வேணாம் சார். தங்க வைக்க இடமே இல்லை.”

அத்தான் போனை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

“வேணாம்னா பார்த்துட்டுத் திரும்பி வந்துடுவோம்,” என்றாள் அக்கா. “நோயாளியைப் பார்க்கறதுக்கு அழைப்பிதழா வேணும்?”

(மூன்றாவது முடிவு என்னவென்று கேட்காதீர்கள். இதற்குப் பிறகு அதற்கு அர்த்தமில்லை.)

7

இன்று காலை மணி ஆறே கால். அக்கா ஒரு பையில் கத்தரிக்கோல், ஊசி, நூல், அளவு நாடா எடுத்து வைத்திருக்கிறாள். மாற்றுத் துணி ஒன்றே ஒன்று. அத்தான் வெறுங்கையோடு நிற்கிறார்.

“அத்தான், இந்தக் கதையை எப்படி முடிக்கட்டும்?” என்று கேட்டேன்.

“எனக்கே இன்னும் சொல்லலை மாப்ள. உனக்கு முன்னாடியே சொல்லிடுவாரா?”

“அங்கயும் வேணாம்னு அனுப்பிட்டா?”

“வருவோம். உன் சோபா இருக்குல்ல?”

அக்கா வாசலில் இருந்து குரல் கொடுத்தாள்: “பேசிக்கிட்டே நிக்காதீங்க, பஸ் போயிடும்.”

கதவு சாத்திக்கொண்டது. படியில் இரண்டு ஜோடிக் காலடிகள். அவளுடையது வேகமாக, அவருடையது முழங்கால் வலியோடு நிதானமாக. கீழ்மாடித் திருப்பத்தில் அவள் நின்று அவருக்காகக் காத்திருக்கிறாள் போலிருக்கிறது. ஒரு கணம் சத்தமில்லை. பிறகு இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன.

பஸ் மூன்று மணி நேரம் ஓட வேண்டும். அதற்குள் நான் எதையும் எழுதப் போவதில்லை. இனி அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் உங்களுக்குத் தெரிந்ததும் ஒரே அளவுதான். கிடங்கின் கதவைத் தட்டப்போவது அவர்கள். திறப்பது யார், திறந்து என்ன சொல்கிறார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அக்காவைப் புன்னகைக்க வைப்பதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.